பஸ்ஸிலேயே போய் மலையேறலாமா?

கேள்வி: எங்களிடம் வண்டி இல்லை. தருமபுரியிலிருந்து பஸ்ஸில் போய், மலையேறி, அன்றே திரும்ப நல்ல இடம் சொல்லுங்களேன். அம்மாவும் வருகிறார். – வாசகி, தருமபுரி

பதில்: தயங்காமல் ராயக்கோட்டைக்குப் போங்கள் அம்மா. பாலக்கோடு வழியாகப் பஸ் உண்டு. சேலம்–பெங்களூரு ரயில் பாதையிலும் ஸ்டேஷன் இருக்கிறது. ஊரை ஒட்டியே மலை, மேலே கோட்டை. 1791-ல், மூன்றாம் மைசூர்ப் போரில், திப்புவின் படையிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தது. இடிந்த மதில் ஓரம் நின்று சுற்றிலும் பாருங்கள், வயலும் குன்றுமாக விரியும். எனக்கு இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பிடித்த காட்சி அதுதான்.

விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம், பாறை வழுக்கும். அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் பாதியிலேயே உட்காரட்டும், அங்கிருந்தே காட்சி அருமை.

அப்புறம், அஞ்செட்டிப் பக்கக் காடுகள் அழகுதான். ஆனால் யானை நடமாடும் காப்புக்காடு; வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நடக்கவே கூடாது. ராயக்கோட்டையில் இறங்கியதுமே திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.