வேட்பாளரின் இனமும் வாழ்க்கைத்துணையின் இனமும்: வாசகர் கேள்வி பதில்

எங்கள் கட்சிக் கிளையில் ஒருவரை வேட்பாளராக முன்மொழிந்தோம். படிப்பு, சேவை, பேச்சு எல்லாம் திறம். ஆனால் அவருடைய மனைவி சிங்களவர் என்பதால் “சனம் வோட்டுப் போடாது” என்று பெயரை வெட்டிவிட்டார்கள். அது உண்மைதானா?
வாசகர், வெள்ளவத்தை

வாக்காளரிடம் பாகுபாடு இல்லை என்று சொல்ல மாட்டோம். இருக்கிறது. ஆனால் உங்கள் ஆளை வெட்டியது வாக்காளர் அல்ல. வாக்குச்சீட்டு அச்சாகுமுன்பே, கூட்டத்தில் இருந்த சிலர் வெட்டினார்கள். “சனம் ஏற்காது” என்பது ஒரு கணிப்பு. கணிப்புக்கு ஆதாரம் கேட்பதில் தவறேதுமில்லை.

பழைய கணக்கைப் பாருங்கள். பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். இராமநாதன், சட்டவாக்க சபையில் படித்த இலங்கையருக்கென ஒதுக்கிய ஆசனத்தில் 1911இல் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்றார், 1917இல் மறுபடியும் தெரிவானார். அந்தச் சிறிய, ஆங்கிலம் படித்த வாக்காளர் கூட்டத்தில் சிங்களவரே அதிகம். அவர்கள் தமிழருக்குப் போட்டதைப் பெருந்தன்மை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதிக் கணக்கும் அதில் பலமாக வேலை செய்தது. இதைவிடத் தெளிவான உதாரணம் தெற்கில் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து, இடதுசாரித் தலைவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மணந்த டொரீன் விக்கிரமசிங்க 1952இல் அக்குரஸ்ஸ தொகுதியில் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அது கொழும்பின் மேட்டுக்குடி ஆசனமல்ல, மாத்தறை மாவட்டத்துக் கிராமப்புறம்.

ஆப்பிரிக்காவில் நடந்தது இன்னும் அழுத்தமானது. இன்றைய பொட்ஸ்வானாவின் பமங்வாட்டோ மக்களுடைய தலைமைக்கு உரித்தான செரெட்சே காமா, 1948இல் லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளையினப் பெண்ணை மணந்தார். ஊர்ப் பெரியவர்கள் முதலில் எதிர்த்தார்கள். ஆனால் 1949 ஜூனில் கூடிய ஊர்ப் பேரவை அவரைப் பெரும்பான்மையாக ஏற்றுக்கொண்டது. ஏற்காதது அன்று அந்நாட்டை ஆண்ட பிரித்தானிய அரசு. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவைப் பகைக்க விரும்பாமல் அவரை நாடுகடத்தி வைத்தது. 1956இல் அவர் திரும்பிவந்தார். 1965 தேர்தலில் 31 ஆசனங்களில் 28ஐ அவருடைய கட்சி வென்றது. அடுத்த ஆண்டு நாட்டின் முதல் ஜனாதிபதியும் அவரே.

ஆகவே கிளையில் இப்படிக் கேளுங்கள்: எந்தப் பகுதியில், எத்தனை பேரிடம், என்ன கேள்வி கேட்டீர்கள்? பெரும்பாலும் கேட்கப்படுவது “இவருக்குச் சனம் போடுமா?” என்பதுதான். அதற்கு ஆட்கள் அடுத்த வீட்டுக்காரரின் மனதை ஊகித்துப் பதில் சொல்வார்கள், தங்கள் மனதைச் சொல்ல மாட்டார்கள். “நீங்கள் போடுவீர்களா?” என்று கேட்டால் கிடைப்பது வேறு பதில். இரண்டையும் கேட்டு இடைவெளியைப் பாருங்கள். பெயரை நிராகரித்த காரணத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்ன காரணத்தை எழுத்தில் வைக்கப் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கமே உங்களுக்கு ஒரு பிடி.

தமிழ் வேட்பாளருக்குக் கொழும்பில் விருப்பு வாக்குக் குறைந்தால், சிங்கள வாக்காளர் கட்சிக்குப் போட்டுவிட்டு அவரைத் தவிர்த்தார்கள் என்று சொல்லலாமா?
வாசகி, கொட்டாஞ்சேனை

தவிர்க்க வழி இருக்கிறது. தவிர்த்தார்கள் என்று அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பாராளுமன்ற வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் கிடையாது. மேலே கட்சியும் சின்னமும், கீழே விருப்பு எண்கள். கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டபின், விரும்பினால் மூன்று எண்கள் வரை புள்ளடி போடலாம். கட்சிக்குப் போடாமல் எண்ணுக்கு மட்டும் போட்டால் சீட்டே செல்லாது. மூன்றுக்கு மேல் போட்டால் விருப்பு வாக்குகள் போகும், கட்சி வாக்கு நிற்கும். 2024இல் கொழும்பு மாவட்டத்துக்கு 18 உறுப்பினர், ஆகவே ஒரு பட்டியலில் 21 பேர். 21 எண்களில் உங்கள் ஆளின் எண் எதுவென்று தெரியாத வாக்காளரால், நல்ல மனமிருந்தாலும் புள்ளடி போட இயலாது. குறைந்த விருப்பு வாக்கின் பின்னால் இனம் இருக்கலாம், துண்டுப்பிரசுரம் அடிக்கக் காசில்லாமலும் இருக்கலாம். ஒரே சமூகத்தில் மூவர் ஒரே பட்டியலில் நின்று ஒருவர் வாக்கை மற்றவர் தின்றிருக்கவும் கூடும்.

இன்னொரு சிக்கல்: கட்சி வாக்குகள் கொழும்பு வடக்கு, மத்தி, பொரளை, தெஹிவளை, மொரட்டுவை என்று தொகுதிவாரியாக வெளியாகின்றன. விருப்பு வாக்குகள் வெளியாவது மாவட்ட மொத்தமாக. “ஹோமாகமவில் அவருக்கு ஒருவரும் போடவில்லை” என்று யாராவது அடித்துச் சொன்னால், அந்தத் தரவை எங்கே கண்டார் என்று கேளுங்கள்.

உண்மையான தடயம் வேறிடத்தில் இருக்கிறது. தேர்தல் காலத்தில் ஒரே கட்சியின் முன்னணி வேட்பாளர்கள் மூன்று எண்களைச் சேர்த்து அடிக்கும் துண்டுப்பிரசுரங்களைச் சேகரியுங்கள். மகரகமவில் சிங்களத்தில் கொடுத்ததையும் வெள்ளவத்தையில் தமிழில் கொடுத்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். தமிழ் வேட்பாளரின் எண் தமிழ்ப் பிரசுரத்தில் இருந்து சிங்களப் பிரசுரத்தில் காணாமற் போயிருந்தால், அவரைத் தவிர்த்தது வாக்காளருக்கு முன் கட்சிக்காரர்தான்.

உள்ளூராட்சித் தேர்தலில் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே புள்ளடி, விருப்பு வாக்கு இல்லை.

பல்கலைக்கழகத்தில் இதைப்பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறேன். நேரே கேட்டால் யாரும் “கலப்புத் திருமணம் செய்தவருக்குப் போட மாட்டேன்” என்று ஒப்புக்கொள்வதில்லையே?
மாணவி, தெஹிவளை

நேரே கேட்காமல் அளக்க ஒரு முறை உண்டு, பட்டியல் முறை. ஆட்களைக் குலுக்கல் மூலம் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். முதற் குழுவுக்கு மூன்று விடயங்கள் கொடுத்து, “இவற்றில் எத்தனை உங்களுக்குக் கோபம் தரும்? எவை என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும்” என்று கேளுங்கள். மற்றக் குழுவுக்கு அதே மூன்றோடு நாலாவதாக “வேற்றினத்தவரை மணந்த ஒருவர் என் கட்சியின் வேட்பாளராக நிற்பது.” முதற் குழுவின் சராசரி 1.5, மற்றதன் சராசரி 1.8 என்று வந்தால் வித்தியாசம் 0.3, அதாவது சுமார் 30 வீதமானோருக்கு அந்த நாலாவது விடயம் கோபம் தருகிறது. தனியாள் எவரும் காட்டிக்கொடுக்கப்படவில்லை.

இந்த முறை தவறிப்போவது அந்த மூன்று விடயங்களைத் தெரிவுசெய்வதில். மூன்றுமே எல்லாருக்கும் கோபம் தருவதாக இருந்தால், “நாலு” என்று சொன்னவர் அகப்பட்டுவிடுவார். அதற்குப் பயந்து குறைத்துச் சொல்வார். ஒன்று ஏறக்குறைய எல்லாருக்கும் கோபம் தருவது (மின்கட்டண உயர்வு), ஒன்று அநேகமாக எவருக்கும் தராதது (காலி முகத்திடலில் பிள்ளைகள் பட்டம் விடுவது), ஒன்று ஆளுக்காள் மாறுவது (ஊர்வலத்துக்காக வீதியை மூடுவது) என்று வையுங்கள்.

தொகை முக்கியம். குழுவுக்கு 30 பேர் வைத்துச் செய்த ஆய்வால் பயனில்லை. விடைகளின் நியம விலகல் (சராசரியிலிருந்து விடைகள் சிதறும் அளவு) 0.8 அளவில் இருந்தால், குழுவுக்கு 100 பேர் என்றாலும் பிழை எல்லை கூட்டியோ குறைத்தோ 22 வீதப் புள்ளி. 400 பேர் என்றால் 11. நேரடிக் கேள்விக்கு 400 பேரில் 5 புள்ளிதான். மறைத்துக் கேட்பதற்குக் கொடுக்கும் விலை இது. ஆய்வைத் திட்டமிடும்போதே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

கேட்பவர் யார் என்பதும் பதிலை மாற்றும். பொட்டு வைத்த தமிழ்ப் பெண் சிங்கள வீட்டில் கேட்டால் ஒரு பதில், சிங்கள இளைஞர் கேட்டால் இன்னொன்று. கேட்பவரின் இனத்தையும் மொழியையும் ஒவ்வொரு படிவத்திலும் குறியுங்கள், பிறகு பிரித்துப் பார்க்கலாம்.

கமலா ஹாரிஸ் தோற்றது இனத்தாலா? அங்கே கலப்புத் திருமணத்தை எல்லாரும் ஏற்றுவிட்டதாக அல்லவா சொல்கிறார்கள்?
வாசகர், பம்பலப்பிட்டி

ஒரு தேர்தல் முடிவை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. விலைவாசி இருந்தது, பைடன் 2024 ஜூலையில்தான் விலகினார், பிரசாரத்துக்கு மூன்றரை மாதமே கிடைத்தது. வென்ற பக்கத்தில் நின்ற ஜே. டி. வான்ஸின் மனைவி உஷாவும் இந்தியாவிலிருந்து குடியேறியவர்களின் மகள் என்பதை மறக்க வேண்டாம்.

ஏற்பு கூடியது உண்மை. கறுப்பர்-வெள்ளையர் திருமணத்தை ஏற்பவர்கள் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 1958இல் 4 வீதம், 2021இல் 94 வீதம். ஆனால் கணிப்பாளரிடம் சொல்வதும் மறைவில் புள்ளடி போடுவதும் ஒன்றல்ல. கலப்புத் திருமணத் தடைகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967 ஜூன் 12இல் செல்லாதாக்கியது. செத்துப்போன அந்தத் தடையை அலபாமா தன் அரசியலமைப்பிலிருந்து நீக்கியதோ 2000இல், வாக்கெடுப்பு வைத்து. அப்போதும் சுமார் 40 வீதமானோர் நீக்க வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

1982இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் கறுப்பினத்தவரான டொம் பிராட்லி கணிப்புகளில் முன்னின்று, ஒரு இலட்சத்துக்கும் குறைந்த வாக்குகளால் தோற்றார். தபால் வாக்குகளும் அதற்கொரு காரணம். 1989இல் வேர்ஜீனியா ஆளுநர் தேர்தலில் இன்னொரு கறுப்பினத்தவரான டக்ளஸ் வைல்டர் பெரிய வித்தியாசத்தில் வெல்வார் என்றார்கள். வென்றது 7,000க்கும் குறைந்த வாக்குகளால். 2008இல் ஒபாமா அநேகமாகக் கணிப்புச் சொன்ன அளவிலேயே வென்றார். திருமண அச்சத்தை நேரே கிளறிய விளம்பரமும் உண்டு. 2006இல் டென்னசியில் கறுப்பின வேட்பாளர் ஹரல்ட் போர்ட்டுக்கு எதிரான விளம்பரத்தில் ஒரு வெள்ளையினப் பெண் கண்ணடித்து, தனக்கு அழைப்பு எடுக்கச் சொல்கிறாள். அவர் மூன்று புள்ளிக்கும் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். விளம்பரம் எத்தனை வாக்கை மாற்றியது என்று பிரித்தெடுக்க இயலாது. வெளியிட்டவர்கள் எந்தப் பயத்தை நம்பி அதை எடுத்தார்கள் என்பது மட்டும் தெளிவு.

கணவர் வெளிநாட்டவர் என்றால் வேட்புமனு நிராகரிக்கப்படுமா?
வாசகி, மட்டக்குளி

இல்லை. 2022இல் வந்த அரசியலமைப்பின் 21ஆவது திருத்தம் தடுப்பது வேட்பாளரின் சொந்த இரட்டைக் குடியுரிமையை. அதே தடை முன்பும் இருந்தபோது, 2017இல் கீதா குமாரசிங்க பாராளுமன்ற உறுப்பினர் பதவியை இழந்ததும் தன் சொந்த இரட்டைக் குடியுரிமையால்தான். கணவரின் கடவுச்சீட்டை எவரும் கேட்க முடியாது. ஆனால் திருமணத்தின் வழியாக நீங்கள் அந்த நாட்டுக் குடியுரிமையை எடுத்திருந்தால், வேட்புமனுவுக்கு முன்பே சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

“இவருடைய தாய் தமிழ், மறைக்கிறார்” என்று ஒரு வேட்பாளரைப்பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. என்ன செய்யலாம்?
வாசகர், கிருலப்பனை

முதலில், மறுப்பு எழுதி அதே படத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். மறுப்பு நின்றுவிடும், படம் ஓடும். அனுப்பியவர் இலக்கம், குழுவின் பெயர், திகதி, நேரம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள். பகிரப்பட்ட செய்தியில் மூலம் தெரியாது. பேஸ்புக்கில் அதே படம் இருந்தால் இணைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். தேர்தல்கள் ஆணைக்குழுவின் மாவட்ட முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்பி, பிரதியைப் பெவ்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புக்கும் கொடுங்கள்.

எந்தச் சட்டம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தைபற்றிய பொய்க் கூற்றைக் குற்றமாக்குகிறது. தாய் உண்மையில் தமிழர் என்றால் அது பொய்யல்ல, அந்த வழி அடைபடும். இன வெறுப்பைத் தூண்டுவதாக இருந்தால் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய ICCPR சட்டம்) 3ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டியது காட்டப்பட வேண்டும். ஆகவே “தாய் தமிழ்” என்ற வரியோடு நிறுத்தாமல், அதன் கீழ் எழுதப்பட்ட “இவருக்குப் போட்டால்...” என்ற மிரட்டலையும் பின்னூட்டங்களையும் சேர்த்துப் பிடியுங்கள். வேட்பாளருக்கும் ஒன்று சொல்லுங்கள்: “என் தாய் தமிழர் அல்லர்” என்று மறுக்க அவசரப்பட வேண்டாம். மறுத்தால் தமிழ்த் தாய் இருப்பது குற்றம் என்று அவரும் ஒத்துக்கொண்டதாகிவிடும். உண்மையானால் தாயின் ஊரையும் பெயரையும் தானே முதலில் சொல்லட்டும், அதுவும் இரு மொழியிலும் ஒரே நாளில்.