அவன் உப்பு காய்ந்திருக்கிறது

வணக்கம் சார். துருக்கிப் பயணத்தை எழுதும்போது அந்த உப்பு ஏரியை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உப்பளம், அதனால் கேட்கிறேன். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ மாதிரி அவர்களிடமும் ஏதாவது உண்டா?
தூத்துக்குடி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் தாண்டியது தப்புதான். உண்டு. ‘துஸ் எக்மெக் ஹக்கி’ என்பார்கள், உப்பும் ரொட்டியும் தின்ற கடன். ஆனால் இந்திப் பட வில்லனைக்கூட ‘நமக் ஹராம்’, தின்ற உப்புக்குத் துரோகி, என்று திட்டுகிறார்களே, அதனால் இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. என்னைப் பிடித்துக்கொண்டது ‘துஸு குரு’ என்கிற பேச்சு. நம்ம குரு இல்லை, அங்கே குரு என்றால் காய்ந்தது. அவன் உப்பு காய்ந்திருக்கிறது, அதாவது அவனுக்கென்ன, ஊரே மூழ்கினாலும் கவலையில்லை. பாராட்டு இல்லை, பாதி பொறாமை பாதி எரிச்சல். உப்பு விற்கப் போனால் மழை, உமி விற்கப் போனால் காற்று என்று புலம்பத் தெரிந்த நமக்கு இதற்கு அகராதி வேண்டாம். அந்த மழையில் மாட்டாதவன்தான் இவன். ஹோட்டல் பில் எகிறினால் ‘உப்பாக வந்தது’ என்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஏரி. துஸ் கோலூ, அங்காராவுக்குத் தெற்கே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில். வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாத பள்ளம், வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. உங்கள் பாத்தியில் நடக்கிற அதே வேலைதான், வரப்பு மட்டும் இல்லை. நான் போன ஆகஸ்டில் தண்ணீர் தூரத்தில் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். பொருக்கு அப்பளம் மாதிரி நொறுங்கி, குதிகால் வெடிப்புக்குள் போய், ஐந்தே நிமிடத்தில் எரிய ஆரம்பித்துவிட்டது. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எரிச்சல், எனக்குப் புதுசு.

ஆனால் ஏரி அளவுக்கு மீறிக் காய்ந்தால் பூநாரைகளுக்குக் கேடு. 2021 கோடையில் வறட்சியில் ஆயிரம் குஞ்சுகளாவது செத்தன. சுற்றுவட்டார விவசாயத்துக்குத் தண்ணீரை உறிஞ்சியதும் காரணம் என்று சுற்றுச்சூழல்காரர்கள் சொன்னார்கள்.

காப்பி விஷயத்தை விட்டுவிட்டேனே. பெண் கேட்டு வரும் மாப்பிள்ளைக்கு மட்டும் பெண் சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டுக் கொடுப்பாள், அவன் முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும். இதைச் சொன்ன வேன் ஓட்டுநருக்குக் கல்யாணமாகி இருபது வருஷமாம். “இரண்டு கரண்டி போட்டாள்” என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டு விரலைக் காட்டினார், அன்று சுளிக்காத முகத்தை எங்களுக்காக நன்றாகச் சுளித்தார்.