பேட்டரி செத்த 911: முன் டிக்கியைத் திறக்க

தினமும் ஓட்டுவது பிஎம்டபிள்யூ எம்5, மாதம் ஒரு முறை எடுப்பது 997 வகை போர்ஷே 911. இப்போது 911-இன் பேட்டரி காலி, அது இருக்கும் முன் டிக்கியும் திறக்கவில்லை என்கிறீர்கள். பூட்டு மின்சாரத்தில் இயங்குவது, அதனால்தான். நெம்பாதீர்கள்.

சாவியைக் கதவுத் துளையில் விட்டுத் திறங்கள். கால் வைக்கும் இடத்தின் ஓரத்து மூடிக்குள் ஃபியூஸ் பெட்டி. அதிலுள்ள பாசிட்டிவ் முனையை வெளியே இழுத்து, வேறொரு நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து வரும் சிவப்பு கேபிளை மாட்டுங்கள். அதன் நெகட்டிவிலிருந்து வரும் கறுப்பு கேபிள், கதவைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டையில். அலாரம் அலறினால் சாவியால் ஒருமுறை பூட்டித் திறந்தால் அடங்கும். பிறகு சாவியிலுள்ள டிக்கி பட்டனை இரண்டு விநாடி அழுத்துங்கள். இந்த இணைப்பு திறக்க மட்டும்தான். ஸ்டார்ட் செய்ய முயன்றால் வயரிங் கருகும். பேட்டரி ஏறும்வரை டிக்கியை மூடவே கூடாது, மூடினால் மறுபடி முதலிலிருந்து!

அலாரமும் கன்ட்ரோல் யூனிட்களும் நிற்கும் வண்டியிலும் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். பேட்டரி நிரம்பியதும் தானாக நிறுத்திக்கொள்ளும் சார்ஜரான மெயின்டெய்னர் ஒன்று வாங்கி நிரந்தரமாக மாட்டிவிடுவது இன்னும் நல்லது. பேட்டரி ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை) என்றால் அதற்கான மோடில் வையுங்கள்.

வாரம் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பேட்டரி ஏறாது, ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர்தான் சேரும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். எம்5-க்கு இந்தக் கவலை இல்லை, தினம் ஓடுகிறதே.