மகள் புராஜெக்ட் மேனேஜர் ஆக வேண்டும் என்கிறாள், எந்த கோர்ஸில் சேர்ப்பது?

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் உங்கள் மகளுக்குப் படிப்பு முடிந்த கையோடு புராஜெக்ட் மேனேஜர் ஆக ஆசை, அதற்கு எந்த கோர்ஸ் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் இப்போதைக்கு எந்த கோர்ஸுக்கும் பணம் கட்டிவிடாதீர்கள்.

கல்லூரியிலிருந்து நேராகப் போய் உட்காரும் நாற்காலி இல்லை அது. இந்தத் துறையில் எல்லோரும் கேட்கும் சான்றிதழ் பிஎம்பி (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் புரொஃபஷனல்). அமெரிக்காவின் பிஎம்ஐ (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்) அமைப்பு 1984-லிருந்து நடத்தும் தேர்வு. நான்கு வருடப் பட்டம் வாங்கியவர்கூட 36 மாதம் புராஜெக்டுகளை முன்னின்று நடத்தியிருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும். கூடவே 35 மணி நேரப் பயிற்சி வேறு. அனுபவம் கேட்காத சிஏபிஎம் என்ற சின்னத் தேர்வும் உண்டு. விருப்பமிருந்தால் எழுதட்டும், ஆனால் அதைக் காட்டி மேனேஜர் வேலை வாங்க முடியாது.

அந்த வேலையில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? ஒரு தொழிற்சாலையில் புது இயந்திரம் நிறுவுகிறார்கள் என்று வையுங்கள். அஸ்திவாரம் ஒரு கான்ட்ராக்டர், கேபிள் இன்னொருவர், இயந்திரம் தருவது வேறொரு கம்பெனி. இவர்களில் ஒருவர்கூட மேனேஜரின் சொந்த ஆள் இல்லை. வாராந்திர மீட்டிங்கில் எலக்ட்ரிக்கல்காரர், "தொண்ணூறு சதவீதம் முடிந்தது சார்" என்கிறார். போன வாரமும் அதே தொண்ணூறுதான். விஷயம் தெரிந்த மேனேஜர் சதவீதத்தை விட்டுவிட்டு, "மிச்சம் என்னென்ன இருக்கு, ஒவ்வொன்றாகச் சொல்லுங்க" என்பார். அப்போதுதான் வெளியே வரும்: கேபிள் இழுத்தாயிற்று, முனையில் மாட்டும் கிளாண்டுக்கு இன்னும் ஆர்டரே போகவில்லை, வந்துசேர மூன்று வாரம். சோதனை ஓட்டத்துக்கு மிச்சமிருப்பதோ இரண்டு வாரம்.

இனி அவர் செய்வதில்தான் வித்தை இருக்கிறது. பெயின்டிங் பத்து நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, கிளாண்ட் தாமதம் மொத்தத் தேதியையும் இழுத்துவிடும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். 1950-களின் கடைசியில் டூபான்ட் நிறுவனத்தில் பிறந்த 'கிரிட்டிகல் பாத்' கணக்கு இதற்குத்தான். கையிருப்பில் வைத்திருக்கும் வேறு சப்ளையர் கிடைப்பாரா, அதற்கு எவ்வளவு கூடுதலாகும், முதலாளி அதற்குச் சம்மதிப்பாரா என்று விசாரிக்க வேண்டும். எதுவும் சரிவரவில்லை என்றால், தேதி தவறும் என்பதை இன்றைக்கே மேலிடத்தில் சொல்ல வேண்டும். கெட்ட செய்தியைக் கடைசி நாள்வரை மடியில் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் இந்த வேலையில் நிலைப்பதில்லை.

எந்த வேலை எப்போது என்று அட்டவணை போட உதவும் எம்.எஸ். புராஜெக்ட், பிரைமவேரா மென்பொருள்கள் எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். மீட்டிங் முடிந்ததும் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று அரைப் பக்கத்தில் தெளிவாக எழுதி அனுப்பத் தெரிந்தவர்கள்தான் குறைச்சல்.

அதனால் முதல் வேலையாக சைட் இன்ஜினியரோ பிளானிங் இன்ஜினியரோ கிடைத்தால் தயங்காமல் சேரட்டும். சில வருடம் டிராயிங், பர்ச்சேஸ் ஆர்டர், பில் என்று கைபட வேலை பார்க்கட்டும். டிராயிங் படிக்கத் தெரியாத மேனேஜரிடம் கான்ட்ராக்டர் எதை வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகலாம்.

அப்புறம், இன்று ராத்திரி அவளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். கல்லூரி புராஜெக்டில் கூட இருந்தவர்களில் யாராவது வேலை செய்யாமல் இருந்தபோது அவள் என்ன செய்தாள்? 'நானே விழித்திருந்து முடித்துவிட்டேன்' என்றுதான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வார்கள். அது உழைப்பாளியின் பதில், மேனேஜரின் பதில் இல்லை. அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். எந்த வேலைக்கு முதலில் விண்ணப்பிக்கலாம் என்பதை அதை வைத்துப் பேசுவோம்.