தொட்டி கட்டியும் எண்ணெய் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: ஐயா, திருச்செங்கோடு பக்கம் வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் நடத்துகிறேன். போர்வெல் ரிக் வண்டி, ஜேசிபி, லாரி எல்லாம் வரும். மூன்று அறை வைத்து ஆயில் பிரிக்கும் தொட்டி கட்டினேன். மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளியும் விடுகிறேன். ஆனாலும் கடைசி அறையிலிருந்து போகும் தண்ணீர் பால் கலந்த டீ மாதிரிதான் இருக்கிறது. டெஸ்டில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 60 மில்லிகிராம் வந்தது. தொட்டியைப் பெரிதாக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், காசை எடுத்து வையுங்கள். ஓடையிலோ ஏரியிலோ விடுவதற்கு வரம்பு 10 மில்லிகிராம், பொதுச் சாக்கடைக்கு 20. நீங்கள் 60-இல் நிற்கிறீர்கள், ஆனால் கோளாறு தொட்டியின் அளவில் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த டீ நிறமே அதைச் சொல்கிறது.

ஒரு காலி சோடா பாட்டிலில் வண்டி கழுவிய தண்ணீரைப் பிடித்து ஆடாமல் வையுங்கள். அரை மணி நேரத்தில் மேலே எண்ணெய் ஏடு கட்டி, அடியில் சேறு இறங்கி, நடுவில் தெளிந்தால் உங்கள் தொட்டியே போதும், அமைப்பில்தான் எங்கோ தவறு. மறுநாள் காலையிலும் கலங்கலாகவே இருந்தால் எண்ணெய் தண்ணீரோடு பால் மாதிரிக் கலந்துவிட்டது, எத்தனை அறை கட்டினாலும் பிரியாது.

காரணம் துளியின் அளவு. 150 மைக்ரான் துளி, அதாவது தலைமுடியைப் போல இரண்டு மடங்கு தடிமன் உள்ளது, நிமிடத்துக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் மேலேறும். சாதாரணத் தொட்டிகளை இந்த அளவுத் துளியை நம்பித்தான் வடிவமைக்கிறார்கள். அதுவே 15 மைக்ரானாக உடைந்தால் வேகம் பத்தில் ஒன்றாக அல்ல, நூறில் ஒன்றாகக் குறைகிறது. ஒரு மீட்டர் ஆழத்தை முதல் துளி ஒன்பது நிமிடத்தில் கடந்துவிடும், இரண்டாவதுக்கு 15 மணி நேரம் வேண்டும். அதற்குள் நீங்கள் பத்து வண்டி கழுவி முடித்து அந்தத் தண்ணீரையும் உள்ளே தள்ளியிருப்பீர்கள்.

துளியை யார் உடைக்கிறார்கள் என்று பாருங்கள். சோப்பு ஆயில், ஹை பிரஷர் கன், அப்புறம் மோட்டார். கழுவிய தண்ணீரைக் குழியில் சேர்த்து மோட்டார் போட்டு தொட்டிக்கு ஏற்றுகிறீர்களா? அப்படியானால் மோட்டாரின் இம்பெல்லரே எண்ணெயை மிக்ஸியில் போட்டதுபோல அடித்துவிடுகிறது. தண்ணீர் தானாகச் சரிவில் ஓடி தொட்டிக்கு வரட்டும், மோட்டார் வேண்டுமென்றால் தொட்டிக்குப் பிறகு வையுங்கள்.

சோப்பை நிறுத்தச் சொன்னால் தொழில் நடக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் ரிக் வண்டியில் கெட்டியாக ஒட்டியிருக்கும் கிரீஸையும் கல்மாவுச் சேற்றையும் தண்ணீர் படுமுன் தகரத்தால் சுரண்டி எடுத்துவிட்டால் சோப்பு பாதியாகக் குறையும். சீக்கிரம் எண்ணெயை விட்டுவிடும் வகை சோப்பு என்று கேட்டு வாங்குங்கள். அதற்கும் தெளியாத தண்ணீரைத் தனியாகப் பிடித்து, படிகாரம் கரைத்துக் கலக்கி, தெளிய விட்டுத்தான் வெளியே விட வேண்டும். எவ்வளவு படிகாரம் என்பதை நான்கைந்து பாட்டிலில் வேறு வேறு அளவு போட்டு நீங்களே பாருங்கள், ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும்.

அமைப்பில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கல்மாவில் ஊறிய எண்ணெய் மிதக்காது, மூழ்கும். அதனால் தொட்டிக்கு முன்னால் வண்டல் குழி தனியாக இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை சேற்றை வாரி எடுக்க வேண்டும். வெளியேறும் குழாய்க்கு எல்போ என்ற வளைவுத் துண்டு போட்டு, நீர்மட்டத்துக்கு வெகு கீழிருந்து தண்ணீரை எடுக்க வேண்டும். தொட்டியைக் கழுவிய பிறகு நல்ல தண்ணீர் நிரப்பாமல் வேலையைத் தொடங்காதீர்கள். ஒரு செட்டில் இதை நேரில் பார்த்தேன்: காலித் தொட்டியில் முதல் லாரித் தண்ணீர் விழுந்தது, மட்டம் ஏறும்போதே எண்ணெய் எல்போவின் வாய்க்குள் புகுந்து, அன்று மாலை வரை கறுப்பாகவே போய்க்கொண்டிருந்தது.

வண்டியை ஏற்றிக் கழுவும் ராம்ப்புக்கு மேல் கூரை இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு மழைக்குத் தொட்டி கொள்ளாமல், சேர்த்து வைத்ததெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: அள்ளிய ஆயிலை சென்டரிங் வேலைக்காரர்கள் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? (அதே வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு, தொட்டியின் அடிச் சேறும் அப்படித்தான். ஆயிலை மூடிய பேரலில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் மட்டும் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். சேற்றை வேலி ஓரம் கொட்டுவது இன்னும் மோசம், மழையோடு மண்ணுக்குள் இறங்கும். உங்கள் செட்டிலிருந்து பக்கத்துக் கிணறு எத்தனை அடி தூரம் என்று எழுதவில்லையே, அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.