தூண்கள் எல்லாம் ஒன்றுதானா? – சிசிலி, கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியின் சிசிலித் தீவுக்குச் சென்றுவந்து தாங்கள் சென்ற மாதம் எழுதிய பயணக் குறிப்பை வீட்டில் எல்லோரும் வாசித்தோம். வரும் மே மாதம் பள்ளி விடுமுறையில் நாங்களும் அங்கே செல்லவிருக்கிறோம். நான், என் மனைவி, பதினான்கு வயது மகன், பத்து வயது மகள், எழுபது வயதாகும் என் தாயார் என ஐந்து பேர். பலேர்மோவில் கார் எடுத்து, எட்டு நாட்களில் தீவைச் சுற்றிவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுப்பதாகத் திட்டம். பார்க்க வேண்டியவை என்று இருபத்திரண்டு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

அங்குள்ள பழைய கிரேக்கக் கோயில்களின் படங்களைப் பார்த்த என் மகன், "எல்லாம் ஒரே மாதிரித் தூண்கள்தானே அப்பா, ஒன்றைப் பார்த்தால் போதாதா?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையில் எனக்கும் அந்த ஐயம் உண்டு. தாங்களும் செஜெஸ்தாவில் கட்டி முடிக்கப்படாத ஒரு கோயிலைப் பற்றி நான்கு பத்திகள் எழுதிவிட்டு, தாவோர்மினா ஊரின் புகழ்பெற்ற பழைய நாடக அரங்கை ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை. முடிந்ததை விட்டு முடியாததைப் போய்ப் பார்ப்பானேன்? அம்மாவுக்கு இந்தப் பயணம் ஒத்துவருமா என்பதையும் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
ர.,
கோவை

அன்புள்ள ர.,

உங்கள் மகன் ஊரில் இருக்கும்போதே கேட்டுவிட்டான். என் மகள் இதே கேள்வியை நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போன பிறகு கேட்டாள். அன்று நான் சொன்ன பதில் அவளுக்குப் போதவில்லை. எட்டு நாட்கள் கழித்து எனக்கே வேறொரு பதில் கிடைத்திருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த இருபத்திரண்டை எட்டாக்குங்கள். சிசிலி மத்தியதரைக் கடலின் மிகப்பெரிய தீவு. பரப்பளவு ஏறத்தாழ 25,700 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் கையளவு தெரியும் தூரம் மலைச்சாலையில் அரை நாளை விழுங்கிவிடும். ஒரு நாளைக்கு ஓரிடம், மிஞ்சினால் இரண்டு. அப்படிக் குறைக்கும்போது எதை வைத்துக்கொள்வது என்பதற்கு நான் கண்ட அளவுகோல் ஒன்றுதான்: வேலை பாதியில் நின்ற இடங்களையும், பின்னால் வந்தவர்கள் கைவைத்து மாற்றிய இடங்களையும் தேர்ந்தெடுங்கள். முழுதாக முடிந்த கோயில் தன்னைச் செய்த கைகளை மறைத்துவிடும். அதை ரசிக்கக் கொஞ்சமாவது முன்னறிவு வேண்டும். பாதியில் நின்றதோ தானே பேசும். குழந்தைகளுக்கும் அது கேட்கும்.

செஜெஸ்தா பலேர்மோவிலிருந்து தென்மேற்கே எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் குறையொன்றும் இல்லாததுபோலத்தான் தோன்றும். 36 தூண்களும், அவற்றின்மேல் உத்திரக் கற்களும், இரு பக்கமும் முக்கோண முகப்பும் அப்படியே நிற்கின்றன. கிட்டே போனால்தான் கூரை இல்லை, கருவறை இல்லை என்பது தெரியும். எங்களில் முதலில் கண்டுபிடித்தவன் என் ஒன்பது வயது மகன். அடித்தளப் படிக்கற்களின் முகத்தில் முஷ்டி அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்த முண்டுகளைக் காட்டி, "கல்லுக்குக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள்" என்றான். அவன் விளையாட்டாகச் சொன்னது உண்மை. கல்லைக் கயிறு கட்டித் தூக்கி இடத்தில் பொருத்துவதற்காகக் கல்தச்சர்கள் விட்டுவைக்கும் முண்டுகள் அவை. பொருத்தி முடிந்ததும் உளியால் செதுக்கி எடுத்துவிடுவார்கள். இங்கே எடுக்கவில்லை. கிரேக்கத் தூண்களுக்கு அடையாளமான நெடுக்குவரிப் பள்ளங்களும் இந்தத் தூண்களில் இல்லை, ஏனென்றால் அவை தூண் நின்ற பிறகு, கடைசியில் செதுக்கப்படுபவை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஒரு நாள் வேலையை நிறுத்திய ஆட்கள் மறுபடி வரவேயில்லை. அந்த முண்டைப் பிடித்துப் பார்த்த பிறகு என் மகன் எந்தக் கோயிலுக்குப் போனாலும் தூணை விட்டுவிட்டு அடித்தளத்தைத்தான் தேடினான்.

ஆட்கள் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதைக் காரில் சொல்லிக்கொண்டே போனால் அடுத்த இடம் வந்துவிடும். செஜெஸ்தாவில் இருந்தவர்கள் கிரேக்கர்கள் அல்லர், எலிமியர் என்னும் தீவுக்குடிகள். தெற்கே கடற்கரையில் இருந்த செலினுந்தே கிரேக்க நகரம். இரண்டுக்கும் எல்லைத் தகராறு. செஜெஸ்தா ஏதென்ஸிடம் படையுதவி கேட்டது. செலவை நாங்களே ஏற்கிறோம் என்றும் சொன்னது. சரிபார்க்க வந்த ஏதென்ஸ் தூதர்களுக்கு வீட்டுக்கு வீடு விருந்து நடந்தது. எந்த வீட்டிலும் பொன்னும் வெள்ளியுமாகப் பாத்திரங்கள். ஊரில் இருந்தவற்றையும் அக்கம்பக்கத்து நகரங்களில் இரவல் வாங்கியவற்றையும் சேர்த்து, விருந்து நடக்கும் வீட்டுக்கெல்லாம் அவற்றையே மாற்றி மாற்றி அனுப்பினார்கள் என்று அக்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். இதைக் கேட்ட என் அம்மா, "இரவல் நகை போட்டுப் பெண் பார்க்க உட்கார வைப்பதுபோல" என்றார். வரலாற்றாசிரியர்கள் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லி நான் படித்ததில்லை.

ஏதென்ஸ் நம்பி கி.மு. 415இல் கப்பல்களை அனுப்பியது. இரண்டு ஆண்டுகளில் அந்தப் படை தீவின் கிழக்குக் கரையில் உள்ள சிராக்கூசா நகரில் அழிந்தது. துணையிழந்த செஜெஸ்தா அடுத்து வட ஆப்பிரிக்கக் கரையில் இருந்த கார்த்தேஜ் நகர அரசை அழைத்தது. கி.மு. 409இல் கார்த்தேஜின் படை செலினுந்தேயை முற்றுகையிட்டு ஒன்பது நாட்களில் வீழ்த்தியது. 16,000 பேர் கொல்லப்பட்டனர், 5,000 பேர் சிறைபிடிக்கப்பட்டனர், 2,600 பேர் தப்பினர் என்பது பழைய வரலாற்றாசிரியர் டியோடோரஸ் தரும் கணக்கு.

செலினுந்தேயில் பெரும்பாலோர் கடலோரத்துக் கோயில்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கூசா கல்குவாரிக்குக் கட்டாயம் போங்கள். அந்தக் கோயில்களுக்குத் தூண் உருளைகள் வெட்டிய இடம் அது. நாங்கள் போன காலையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. ஆலிவ் மரங்கள், காட்டுப்பூக்கள், நடுவே பாறை. ஓர் ஆளைவிட உயரமான உருளை ஒன்று பாறையிலேயே வெட்டப்பட்டு, அடிப்பகுதி மட்டும் இன்னும் தாய்ப்பாறையை விடாமல் நிற்கிறது. அதைச் சுற்றி, கல்தச்சர் இறங்கி நின்று வேலைசெய்யும் அகலத்துக்கு வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்துச் சுவரில் உளித்தடங்கள் சாய்வாக, வரிசையாக, ஒரே ஆளின் கைவீச்சு தெரியும்படி இறங்குகின்றன, ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. சற்றுத் தள்ளி, முழுதாக வெட்டி எடுக்கப்பட்டு நகருக்குப் புறப்பட்ட உருளைகள் புல்லில் கிடக்கின்றன. இவற்றில் பெரியவை செலினுந்தேயின் மிகப்பெரிய கோயிலுக்கானவை. ஆய்வாளர்கள் அதை 'ஜி' என்ற எழுத்தால் குறிக்கிறார்கள். அந்தக் கோயிலின் வேலை நூறாண்டுகளுக்கு மேல் நடந்தது, 409இல் நகரம் வீழ்ந்தபோதும் முடிந்திருக்கவில்லை. 'ஒரே மாதிரித் தூண்கள்' என்று சொன்ன என் மகள் அந்த வட்டப் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு அரை மணி நேரம் எழவில்லை. அண்டை ஊர்கள் இரண்டு எல்லைக்காகச் சண்டையிட்டு, ஒன்றின் கோயிலும் மற்றொன்றின் குவாரியும் பாதியில் நின்றுபோயின. இரண்டுக்கும் நடுவே காரில் ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை.

தென்கரையில் உள்ள அக்ரிஜென்தோ நகரில், நான் சொன்ன அளவுகோலின் இரண்டாம் பாதி உங்களுக்குப் பிடிபடும். கான்கார்டியா கோயில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. கிரேக்கக் கோயில்களில் இத்தனை நன்றாக நிற்பவை மிகச் சில. நிற்பதற்குக் காரணம் பக்தி மாறியதுதான். கி.பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைக் கிறிஸ்தவ ஆலயமாக்கியவர்கள், தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பிக் கருவறையின் இரு பக்கச் சுவர்களிலும் பக்கத்துக்கு ஆறாக வளைவுகளை வெட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் பழைய வடிவத்தை மீட்பதாகச் சொல்லி இடைச்சுவர்களை எடுத்துவிட்டார்கள். வெட்டிய வளைவுகளை என்ன செய்ய முடியும், அவை அப்படியே இருக்கின்றன. உங்கள் மகனை அந்த வளைவுகளை எண்ணச் சொல்லுங்கள். பிறகு கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒலிம்பிய ஸீயஸ் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். 112 மீட்டர் நீளம் கொண்ட அந்தப் பெருங்கோயிலில் இன்று கற்குவியல்தான் மிச்சம். யாரும் அதற்குள் குடியேறவில்லை. நிலநடுக்கங்களில் சரிந்ததை 18ஆம் நூற்றாண்டில் வண்டி வண்டியாக எடுத்துப்போய்ப் பக்கத்துத் துறைமுகத்துக்கு அலைதாங்கி கட்டிவிட்டார்கள். உத்திரத்தைத் தோளில் சுமந்த ஏழரை மீட்டர் கல் மனிதர்களில் ஒருவனை அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மதம் மாற்றிய கைகள் மென்மையானவை என்று நான் சொல்லவரவில்லை. அவை பலவற்றை இடித்தும் இருக்கின்றன. கல் அந்தக் கைகளை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறேன்.

இதன் உச்சம் சிராக்கூசா. ஒர்த்திஜியா என்ற சிறு தீவில், நகரின் பழைய பகுதியில், பேராலயம் இருக்கிறது. முகப்பு 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டிய ஆடம்பரமான பரோக் பாணி வேலை. பக்கச் சந்தில் நுழைந்து சுவரைப் பாருங்கள்: கி.மு. 480இல் ஹிமேரா என்ற ஊரில் நடந்த போரில் கார்த்தேஜை வென்றபின் எழுப்பிய அதீனா கோயிலின் தூண்கள் சுவருக்குள் பாதி புதைந்து, பாதி வெளியே புடைத்து நிற்கின்றன. 7ஆம் நூற்றாண்டில் அது தேவாலயமாயிற்று. 878இல் அரபுகள் நகரைப் பிடித்த பின் மசூதியாக இருந்தது என்பர். வட பிரான்சிலிருந்து நார்மன்கள் வந்து மறுபடி தேவாலயமாக்கினார்கள். உள்ளே என் அம்மா ஒரு தூணின் வரிப்பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இங்கே சாமி யார் என்று கேட்டார். முன்பு அதீனா, இப்போது மரியாள் என்றேன். "அம்மன் கோயில்தான்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

வழியில் பியாஸா அர்மெரினாவின் ரோமானிய மாளிகையை விட்டுவிடாதீர்கள். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் தரைகளில் சுமார் 3,500 சதுர மீட்டருக்கு வண்ணக்கல் ஓவியங்கள். உங்கள் மகளுக்குப் பிடிக்கும். பெரிய வேட்டைக் காட்சியின் ஒரு கோடியில் தந்தத்தைப் பிடித்தபடி, யானையும் புலியும் இருபுறம் நிற்க, ஒரு பெண் இருக்கிறாள். அவள் இந்தியாவின் உருவகம் என்று பலர் கருதுகிறார்கள். தாவோர்மினாவுக்கும் போனோம். அரங்குக்குப் பின்னால் எட்னா எரிமலை தெரிவது அழகுதான். அன்று எங்களுக்கு நினைவில் நின்றது வண்டி நிறுத்த இடம் தேடிய ஒன்றரை மணி நேரம் மட்டுமே. அதனால்தான் எழுதவில்லை, அரங்கின் மேல் குற்றம் ஒன்றும் இல்லை.

உங்கள் தாயாருக்கு மே மாதம் ஒத்துக்கொள்ளும். கோடையில் என்றால் வேண்டாம் என்றிருப்பேன். 2021 ஆகஸ்டில் சிராக்கூசா அருகே 48.8 பாகை செல்சியஸ் பதிவாகி, ஐரோப்பாவின் உச்ச வெப்பமாக ஏற்கப்பட்டிருக்கிறது. செஜெஸ்தாவில் மலைமேல் இருக்கும் அரங்குக்குச் சிறு பேருந்து உண்டு, நடக்க வேண்டாம். தேவாலயங்கள் பலவற்றை மதியத்தில் சில மணி நேரம் மூடிவிடுவார்கள். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். இன்னொன்று: பழைய நகரப் பகுதிகளில் அனுமதியில்லாத வண்டிகள் நுழையக் கூடாது, வாயிலில் கேமரா இருக்கும், காவலர் இருக்க மாட்டார். நான் ஓர் ஊரில் விடுதியைத் தேடி ஒரே தெருவில் மூன்று முறை சுற்றினேன். ஐந்து மாதம் கழித்து மூன்று அபராதங்களும், மூன்றுக்கும் தனித்தனியாக வாடகைக் கார் நிறுவனத்தின் கட்டணமும் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

ஆகையால் பலேர்மோவைக் கடைசியில், காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு பாருங்கள். நார்மன் அரசன் இரண்டாம் ரோஜரின் அரண்மனைச் சிற்றாலயத்தில் சுவரெங்கும் பைசாந்தியப் பொன் ஓவியங்கள், தலைக்குமேல் அரபுக் கலைஞர்கள் தீட்டிய மரக்கூரை. அது எல்லோரும் போகும் இடம். ஸிஸா மாளிகைக்குச் செல்வோர் குறைவு. அங்கே 12ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கல் ஒன்று இருக்கிறது: அரசவைப் பாதிரி ஒருவர் தன் தாய் அன்னாவுக்கு வைத்தது. லத்தீன், கிரேக்கம், அரபு, ஹீப்ரு எழுத்தில் எழுதிய அரபு என நான்கு வாசகங்கள். நான்கும் அன்னா இறந்த ஆண்டைத் தத்தம் நாட்காட்டிக் கணக்கில் சொல்கின்றன.

அம்மாவை மொன்தே பெல்லெக்ரினோ மலைக்கும் அழைத்துப் போங்கள். நகரப் பேருந்து போகிறது. ஸான்டா ரொஸாலியாவின் ஆலயம் அங்கே ஒரு குகைக்குள் இருக்கிறது. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது கண்டெடுத்த அவள் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் தணிந்தது என்பது நம்பிக்கை. அன்று முதல் நகரின் காவல் புனிதை அவள்தான். குகையின் கூரையிலிருந்து எப்போதும் நீர் சொட்டுகிறது. தலையில் விழாமலிருக்க வளைந்த தகடுகளைக் கூரையெங்கும் கட்டி ஓரமாக வடிய விட்டிருக்கிறார்கள். பலேர்மோவில் இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். கத்தோலிக்கர்கள் மட்டுமல்லாமல் சைவர்களும் இந்த மலைக்கு வந்து நேர்ந்துகொள்கிறார்கள். நாங்கள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அம்மா பழக்கத்தில் வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். உள்ளேயிருந்து வந்த ஒரு பெண்மணி அவர் கையைப் பிடித்து, "கழட்டத் தேவையில்ல அம்மா, தண்ணி நிக்குது, வழுக்கும். பாத்து வாங்கோ" என்று அழைத்துப் போனார்.