நள்ளிரவில் கெண்டைக்கால் இறுகுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 58. புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை செய்கிறேன். வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் கெண்டைக்காலில் குரக்கை பிடித்து, தசை கல்லைப் போல இறுகி எழுப்பிவிடுகிறது. பிரஷருக்குக் குளிசை எடுக்கிறேன். உடம்பில் பொட்டாசியம் குறைந்துவிட்டதென்றும், தினமும் இரண்டு வாழைப்பழமும் ஒரு செவ்விளநீரும் எடுத்தால் போதுமென்றும் வீட்டில் சொல்கிறார்கள். சரிதானா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: வாழைப்பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள், குரக்கைக்கு மருந்தென்று நம்ப வேண்டாம். உங்கள் வயதில் இரவில் வரும் இப்பிடிப்புக்குப் பெரும்பாலும் உப்புச்சத்துக் குறைவு காரணமல்ல. தசையை இயக்கும் நரம்பு வேளைகெட்ட வேளையில் தூண்டலை அனுப்புவதாலேயே அது இறுகுகிறது. நாள் முழுவதும் நின்று களைத்த கெண்டைத்தசை, தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடக்கும்போது ஏற்கெனவே சுருங்கித்தான் இருக்கும். அப்போது சிறு தூண்டலே அதற்குப் போதும். கொழும்புப் புழுக்கத்தில் வியர்த்துக்கொட்டுவதும், கடையை விட்டு எழுந்துபோக முடியாதென்று தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதும் (புறக்கோட்டையில் இது புதிதல்ல) நிலைமையை மோசமாக்கக்கூடும்.

பிடித்தவுடன் முழங்காலை நீட்டி, கால்விரல்களைக் கையால் பற்றி உங்களை நோக்கி இழுங்கள். அல்லது எழுந்து, குதிக்காலைத் தரையில் அழுத்தி நில்லுங்கள். சித்தாலேப களிம்பு தேய்த்தால் இதமாக இருக்கும், ஆனால் இறுக்கத்தை விடுவிப்பது இழுப்புத்தான்.

வராமல் தடுக்க, படுக்கப்போகுமுன் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, இரு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, அதன் முழங்கால் மடியாமலும் குதிக்கால் எழும்பாமலும் முன்னே சாயுங்கள். கெண்டையில் இழுவை தெரியும் இடத்தில் முப்பது விநாடி நின்று, காலை மாற்றுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை, ஆறு வாரம் விடாமல் செய்து பாருங்கள். பாதத்தைக் கீழே அழுத்தாதபடி போர்வையையும் தளர்த்திவிடுங்கள்.

நீங்கள் எடுக்கும் குளிசையின் பெயரை எழுதவில்லை. அது சிறுநீரை அதிகம் போக்கும் வகையானால் பொட்டாசியம் உண்மையாகவே குறையலாம். லொசாட்டன் போன்றதானால் பொட்டாசியம் அதிகரிக்கலாம், அப்போது, குறிப்பாகச் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால், தினசரிச் செவ்விளநீர் ஆபத்தாகலாம். ஆகவே இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வைத்தியரிடம் கேளுங்கள், குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பாமசியில் விற்கும் மக்னீசியம் குளிசையால் முதியவர்களின் குரக்கை குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை; அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

நடக்கும்போது வந்து நின்றால் தணியும் கெண்டை வலி இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம் என்பதால் அதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலி தணியாதிருந்தால் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள், அந்தக் காலைத் தேய்க்கவும் வேண்டாம்.